சக்கரம் கழல்வதற்கு முன் சொல்லிவிடும்



2024 டிசம்பர் 23, இரவு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோவுக்கு அருகே 204ஆவது கிலோமீட்டர். லோரி ஒன்றிலிருந்து கழன்ற சக்கரம் சாலையில் கிடந்தது. வந்துகொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து அதில் மோதிக் கட்டுப்பாட்டை இழந்தது. எதிர்த்தடத்துக்குள் புகுந்து வேறு வாகனங்களோடு மோதியது. 7 பேர் உயிரிழந்தார்கள். தங்கள் வழியில், தங்கள் வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். யாரோ ஒருவருடைய வண்டிச் சக்கரம் அவர்களுடைய குடும்பங்களின் கதையை மாற்றிவிட்டது.

ஒரு சக்கரம் கழல்வதற்குப் பல காரணங்கள் உண்டு. போல்ட் முறியலாம். நட் தளரலாம். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் காய்ந்து, எரிந்து, உடைந்து போகலாம். இன்றைய பேச்சு இந்த மூன்றாவது காரணத்தைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய டிரெய்லர்களைப் பற்றியது.

ஷா ஆலம், கிள்ளான் பக்கம் இத்தகைய வண்டிகள் பலவகை. மீன்பிடிப் படகை ஏற்றிக் கடற்கரைக்குப் போகும் டிரெய்லர், விழாக்களுக்கு ஜெனரேட்டர் ஏற்றிச் செல்லும் வண்டி, சக்கரத்தின் மேல் நிற்கும் உணவுக்கடை, குடும்பத்தோடு தங்கிப் பயணம் போகும் கேரவன் என எல்லாம் ஓடுகின்றன. காருக்கு எண்ணெய் மாற்றும் தேதியைச் சரியாக நினைவில் வைத்திருப்பவர்கள் கூட, பின்னால் வரும் டிரெய்லரின் சக்கரத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அதில் இயந்திரம் இல்லை. ஆகவே பராமரிப்பும் இல்லை என்ற எண்ணம். அந்த எண்ணம்தான் ஆபத்து.

சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது?

டிரெய்லரின் சக்கரம் 'ஹப்' எனப்படும் குடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தக் குடம் அச்சின் முனையில் சுழல்கிறது. குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பேரிங்குகள் உள்ளன. பெரும்பாலான டிரெய்லர்களில் இவை ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய உருளைகள் கொண்டவை. சுமை மேலிருந்து அழுத்துவதையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளுவதையும் ஒருங்கே தாங்குவதற்காக உருளைக்கு அந்தச் சாய்வு. இந்த அமைப்புக்கு அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் ஹென்றி டிம்கன். அவர் குதிரை வண்டி செய்து விற்றவர். அன்று குதிரை வண்டிக்காகத் தோன்றிய யோசனைதான் இன்று கார், லோரி, டிரெய்லர் எல்லாவற்றையும் தாங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டயரின் விட்டம் 60 சென்டிமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டர் ஓட அது ஏறத்தாழ 530 முறை சுழல வேண்டும். ஷா ஆலத்திலிருந்து 200 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு பயணம் போனால், ஒரு லட்சம் முறைக்கு மேல். அத்தனை சுழற்சியிலும் நூற்றுக்கணக்கான கிலோ எடையைத் தாங்கும் இரும்பு உருளைக்கும் இரும்பு வளையத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அந்தப் படலம் அறுந்தால் இரும்பை இரும்பு தின்னத் தொடங்கிவிடும்.

மசகு சொல்லும் பாடம்

தமிழில் 'மசகு' என்று ஒரு சொல் உண்டு. மாட்டு வண்டி அச்சுக்குப் போடும் மைக்கு அந்தப் பெயர். வைக்கோலை எரித்த கரியை எண்ணெயில் குழைத்துச் செய்வார்கள். அந்தக் காலத்து வண்டிக்காரருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அச்சு கிறீச்சிட்டால் மாடு கூடுதலாக இழுக்க வேண்டும், குடம் தேயும் என்பது அவருக்குத் தெரியும். இன்று அந்த ஒலி காருக்குள் இருப்பவர் காதில் விழுவதில்லை. கண்ணாடி மூடியிருக்கிறது, குளிர்சாதனம் ஓடுகிறது, வானொலி பாடுகிறது.

இன்றைய கிரீஸும் அடிப்படையில் அதே மசகுதான். அதில் பெரும்பகுதி எண்ணெய். அந்த எண்ணெயைப் பஞ்சு போலப் பிடித்து வைத்திருப்பது சோப்புப் பொருள். பேரிங்கைக் காப்பது எண்ணெய். அது வழிந்து ஓடாமல் பார்த்துக்கொள்வது சோப்பு. காலப்போக்கில் எண்ணெய் பிரிந்து கசிந்துவிடும். மிஞ்சுவது காய்ந்த பிசின். ஆகவே கிரீஸ் இருக்கிறது என்பது போதாது; அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிரெய்லர் அச்சு செய்பவர்கள் பலர் சொல்லும் கணக்கு, ஆண்டுக்கு ஒருமுறை அல்லது ஏறக்குறைய 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. இரண்டில் எது முந்துகிறதோ அது. வண்டி ஓடவே இல்லை என்பது விலக்கு ஆகாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியில் எண்ணெய் கீழே இறங்கிவிடும். காற்றின் ஈரம் உருளையில் துருப்புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியிலிருந்துதான் பிறகு உலோகம் செதில் செதிலாக உரியும்.

தண்ணீர் என்ற பகைவன்

ஷா ஆலத்துக்காரர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18ஆம் தேதி வந்த பெருவெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மக்கள் வீட்டின் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். வீட்டு வாசலில் நின்ற வாகனங்கள் நீருக்குள் போயின. அத்தகைய வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் பார்ப்பது இயந்திரம், இருக்கை, மின்கம்பி. சக்கரக் குடம் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. ஏனென்றால் வெளியே கழுவினால் அது பளிச்சென்று ஆகிவிடும்.

உள்ளே நடப்பது வேறு. குடத்தின் பின்புறம் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. தூசியையும் தெறிக்கும் தண்ணீரையும் தடுக்க அது போதும். நீருக்குள் மூழ்கி நிற்பதைத் தாங்க அது செய்யப்படவில்லை. உள்ளே புகுந்த நீர் கிரீஸோடு கலந்து அதைப் பால் நிறக் குழம்பாக்கிவிடும். அந்தக் குழம்பால் எண்ணெய்ப் படலத்தைக் காக்க முடியாது. சில மாதங்களில் துரு தன் வேலையை முடித்துவிடும். வெள்ளம் வடிந்து எல்லாரும் மறந்த பின், ஏதோ ஒரு விடுமுறைப் பயணத்தில் சக்கரம் மக்கர் செய்யும்.

படகு டிரெய்லருக்கு இந்த வெள்ளம் வாரந்தோறும் வருகிறது. நெடுஞ்சாலையில் ஓடிய குடம் சூடாக இருக்கும். கடற்கரையில் சேர்ந்ததும் படகை இறக்க வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளுவார்கள். சூடான குடம் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இடத்துக்குத் தண்ணீர் உறிஞ்சப்படும். அதுவும் உப்புத் தண்ணீர். ஆகவே கடற்கரை சேர்ந்ததும் படகை இறக்கிவிடாமல், குடம் ஆறும் வரை பொறுத்திருப்பது நல்லது. அந்த நேரத்தில் ஒரு தேநீர் குடிக்கலாம். படகு டிரெய்லருக்குத் தண்ணீரைத் தாங்கும் கடல்வகை கிரீஸ் போடுவதும், ஆண்டு முழுக்கக் காத்திருக்காமல் அடிக்கடி திறந்து பார்ப்பதும் அவசியம்.

அடுத்த பகைவன் அதிகச் சுமை. மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். டிரெய்லரில் ஏறுவது மயிலிறகு அல்ல. எரிவாயுத் தோம்பு, தண்ணீர்க் கலன், ஜெனரேட்டர், இரும்பு அடுப்பு. ஒவ்வொன்றும் "இது ஒன்றுதானே" என்று ஏறுகிறது. எல்லாவற்றின் எடையையும் சேர்த்துத் தாங்குவது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளங்கையில் அடங்கும் அந்த இரண்டு பேரிங்குகள்.

சூடு பேசும் மொழி

இந்த இடத்தில் நேயர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பேரிங் பெரும்பாலும் திடீரென்று கெட்டுப்போவதில்லை. கெடுவதற்கு முன் அது சொல்லிவிடும். முதலில் சூட்டால் சொல்லும். பிறகு ஒலியால் சொல்லும். பிறகு ஆட்டத்தால் சொல்லும். கடைசியில்தான் கழலும்.

ரயில்வே தொழிலாளர்கள் இந்த மொழியை நன்றாக அறிந்திருந்தார்கள். கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகே புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயில்வே குடியிருப்புகளும் பட்டறைகளும் எழுந்தன. அங்கே உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தக் கால ரயில் பெட்டிகளின் அச்சு முனை எண்ணெய் ஊறிய பஞ்சுக் கழிவின் மேல் சுழன்றது. எண்ணெய் வற்றினால் அச்சுப்பெட்டி கொதிக்கும், புகை வரும், தீயும் பிடிக்கும். ஆகவே வண்டி நிற்கும் இடங்களில் பரிசோதகர் இறங்கி, ஒவ்வோர் அச்சுப்பெட்டியாகக் கையை வைத்துப் பார்ப்பது உலகம் முழுவதும் ரயில்வேயின் வழக்கம். அவருடைய கைதான் கருவி.

கையின் இடத்தைக் கருவி பிடித்த பிறகும் பாடம் மாறவில்லை. 2023 பிப்ரவரி 3ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. ஒரே ஒரு பெட்டியின் ஒரே ஒரு சக்கர பேரிங் எரிந்ததுதான் தொடக்கம். பாதையோரக் கருவிகள் அந்தச் சூட்டை அளந்திருந்தன. முதல் கருவி காட்டியது, சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 21 டிகிரி செல்சியஸ் கூடுதல். அடுத்தது 57 டிகிரி. அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருந்த கருவி காட்டியது 140 டிகிரி. எச்சரிக்கை ஒலித்து வண்டியை நிறுத்த முயன்றபோது காலம் கடந்திருந்தது. 38 பெட்டிகள் தடம் புரண்டன. அவற்றில் 11 ஆபத்தான இரசாயனம் ஏற்றியவை. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

அந்த மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும். 21, 57, 140. சூடு ஏறத் தொடங்கிவிட்டால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். சூட்டில் கிரீஸ் உருகி வெளியேறும். கிரீஸ் குறைந்தால் உரசல் கூடும். உரசல் கூடினால் சூடு இன்னும் ஏறும். முதல் நிலையில் நிறுத்தியவருக்குச் செலவு சில ரிங்கிட். கடைசி நிலைக்குப் போனவருக்குச் செலவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

திறந்து பார்க்கும் முறை

கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். இல்லாதவர் பட்டறையில் கொடுக்கலாம். ஆனால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், சமதரையில் வண்டியை நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியில் தூக்க வேண்டும். தூக்கிய வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கை நீட்டக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அது ஒலியின்றி ஓட வேண்டும். மணல் அரைப்பது போல் கரகரத்தால் பேரிங் கெட்டுவிட்டது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மிகச் சிறிய அசைவுதான் இருக்கலாம். 'டக்கு டக்கு' என்று ஆடினால் உடனே திறக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றியபின் குடத்தின் நடுவில் இருக்கும் தூசி மூடியை எடுத்தால் ஒரு பெரிய நட்டும், அது திரும்பாமல் தடுக்கும் பின்னும் தெரியும். பின்னை நிமிர்த்தி உருவி, நட்டையும் வாஷரையும் கழற்றினால் வெளிப்பக்க பேரிங் கையில் வரும். குடத்தை இழுத்தெடுத்து, பின்புறச் சீலைப் பெயர்த்தால் உள்பக்க பேரிங்கும் வரும்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுதாகக் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். காற்றுக் குழாயை வைத்துப் பேரிங்கைச் சுழற்றுவது பட்டறைகளில் சிலர் செய்யும் விளையாட்டு. உருளை தெறித்துக் கண்ணைக் காயப்படுத்தும் ஆபத்து அதில் உண்டு. உலர்ந்த பேரிங்கை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்திருக்கிறது. புள்ளி, கீறல், துரு, நெளிந்த கூடு ஆகியவற்றில் எது இருந்தாலும் தூக்கி எறிய வேண்டும். குடத்துக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும் வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதிய உருளை ஓடினால் புதியதும் விரைவில் கெடும்.

அடுத்தது கிரீஸ். சக்கர பேரிங்குக்கு உரியது, அதிகச் சூடு தாங்கும் 2ஆம் எண் கிரீஸ். பல டிரெய்லர்களுக்கு லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை பொருந்தும். வெவ்வேறு வகை கிரீஸைக் கலக்கக் கூடாது. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் நீர்த்து ஓடிவிடும். நிறத்தைப் பார்த்து ஒரே வகை என்று முடிவு செய்வதும் தவறு. நிறம் வெறும் சாயம்.

உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுமுனையில் கிரீஸ் பிதுங்கி வரும் வரை, சுற்றிலும் எல்லா உருளைக்கும் செய்ய வேண்டும். மேலே பூசிவிட்டால் போதும் என்று நினைப்பது, தோசைக்கல்லின் ஓரத்தில் மட்டும் எண்ணெய் விடுவது போல. வளையத்திலும் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். ஆனால் குடம் முழுக்க அடைத்துவிடக் கூடாது; சூட்டில் விரிய இடமில்லாமல் கிரீஸ் சீலைத் தாண்டி வழியும். சீல் எப்போதும் புதியதாக இருக்கட்டும். பிரேக் உள்ள டிரெய்லரில் ஒரு துளி கிரீஸ் கூட பிரேக் கட்டையில் படக் கூடாது.

சில அச்சுகளில் கழற்றாமலே கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கும். அது வசதிதான். ஆனால் துப்பாக்கியை வேகமாக அழுத்தினால் பின்புறச் சீல் பிய்ந்து, கிரீஸ் பிரேக்கில் போய்ச் சேரும். மேலும், உருளையில் கீறல் விழுந்ததா என்று நிப்பிள் சொல்லாது. கண் சொல்ல வேண்டும்.

இறுக்கத்தின் அளவு

பலரும் தவறும் இடம் நடு நட்டை இறுக்குவதுதான். சக்கர நட்டைப் போல அதையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுக்கிய பேரிங் ஓடத் தொடங்கியதும் எரியும். முறை இதுதான்: குடத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகளை இடத்தில் அமர்த்த வேண்டும். பிறகு குடத்தைத் திருப்பாமல் நட்டை முழுதாகத் தளர்த்த வேண்டும். பின் விரலால் மட்டும் திருகி நிறுத்தி, அருகில் இருக்கும் துளைக்கு நேராக்கி, புதிய பின்னைப் போட்டு மடக்க வேண்டும். பழைய பின்னை மறுபடி போடுவது, சில காசுக்காகச் சக்கரத்தையே பணயம் வைப்பது.

சக்கர நட்டுகளை எதிரெதிராக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, அளவுகாட்டும் ஸ்பேனரில் இறுக்க வேண்டும். ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட் தளர்வது புதிதல்ல.

முதல் ஓட்டத்தில் 20, 30 கிலோமீட்டர் சென்றதும் ஓய்விடத்தில் நிறுத்தி இறங்க வேண்டும். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் வந்து நிறுத்தினால் சோதனை தெளிவாக இருக்கும். முதலில் கையைக் குடத்துக்கு அருகே கொண்டு சென்று அனல் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, புறங்கையால் லேசாகத் தொட வேண்டும். வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே கோளாறு இருக்கிறது. அத்தகைய வண்டியை "வீடு வரைக்கும்தானே" என்று ஓட்டிப் போகக் கூடாது. ஈஸ்ட் பாலஸ்தீனில் 57க்கும் 140க்கும் நடுவே இருந்த தூரம், ஷா ஆலத்திலிருந்து கோலாலம்பூர் போகும் தூரத்துக்கு அதிகம் கூடுதல் இல்லை.

சேமமாகப் போய்வர

புறநானூற்றில் ஔவையார் பாடிய பாட்டு ஒன்றில் உப்பு வணிகர்கள் வருகிறார்கள். மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று, வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் உப்பு விற்கப் போனவருக்கு இருந்த அந்த முன்யோசனை, இன்று நெடுஞ்சாலையில் விரைபவருக்கும் இருக்க வேண்டும். வண்டிக்குப் பொருந்தும் ஒரு ஜோடி பேரிங், ஒரு சீல், இரண்டு பின், ஒரு சிறு டப்பி கிரீஸ். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிடும்.

நீண்ட பயணத்துக்கு முன் வீட்டில் சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிப் போகும் வழக்கம் தமிழர்களிடம் இருக்கிறது. நல்ல வழக்கம். பழத்தை வைக்கக் குனியும்போது சக்கரத்தைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டால், அந்த வழக்கம் இன்னும் நிறைவாகும்.

ஏனென்றால் வண்டிக்கு உரிமையாளர் ஒருவர்தான். கழன்று ஓடும் சக்கரத்துக்கு உரிமையாளர் கிடையாது. அது யார் முன்னால் போய் விழும் என்பதைச் சாலைதான் தீர்மானிக்கும். அந்தத் தீர்மானத்தைச் சாலையிடம் விடாமல், வீட்டு வாசலிலேயே எடுத்துவிட முடியும். அதற்கு வேண்டியது ஆண்டில் ஒரு காலைப்பொழுதும் ஒரு கை கிரீஸும் மட்டுமே.